பூஜை நாளில் திறந்த கோப்பு

கல்லூரித் தேர்வு அலுவலகத்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான். பழி ஒரு பெண்ணின் மேல் விழுந்தபோது அவள் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கைக்கு வரவிருந்த நிரந்தர வேலை அவளுக்கு அதனால் போயிற்று. இதை மேலே எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றதில் வேடிக்கை நிறைய இருக்கிறது. வேடிக்கையைச் சொல்லிச் சொல்லியே இதை நான் கொஞ்ச காலம் எனக்கே மறைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தேன். தேர்வு அலுவலகப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மதிப்பெண்களை உள்ளே கொடுத்தால் கூட்டிப் பார்த்து, தேறியவர் தேறாதவர் பட்டியலை அச்சடித்துத் தரும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. எங்கள் கல்லூரிக்கென்றே ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அந்த இயந்திரத்துக்குத் தனி அறை, குளிர்சாதனம், பச்சைத் துணியில் ஓர் உறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்போடு போனால் வைரஸ் ஏறிவிடும் என்று எங்கள் அலுவலகச் சூப்பிரண்டு மனதார நம்பினார். அவர் டவுன்காரர், என் வயதுதான். திருநீறு கலையாத நெற்றி, நல்ல மனசு, யாரையாவது கிண்டல் செய்யாமல் ஒரு வேளைக் காப்பி இறங்காது.

இயந்திரத்தை இயக்கியவள் மேலப்பாளையத்துப் பெண். வாப்பா இல்லை. உம்மா பீடி சுற்றுவார். அண்ணன், அவள் பேச்சில் காக்கா, வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அவன் படிக்க வைத்துத்தான் ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் கற்றாள். எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்தாள். அந்தப் பருவத் தேர்வின் முடிவுகள் வந்ததும் அவளை நிரந்தரமாக்குவதென்று முதல்வர் சொல்லிவிட்டார். அது எல்லாருக்கும் தெரியும். அவள் கூடுதலாக ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஆனால் அந்த மாதத்தில் மட்டும் காலையில் அறைக்குள் வரும்போது தானாகச் சிரித்துக்கொண்டு வருவாள்.

கடிதம் அடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இன்னொரு புரோகிராம் அதற்கு இருந்தது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் திரையில் விரியும், அடிக்கலாம், அழிக்கலாம். வேலை முடிந்தால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கே, பிறகு டி.

"வேற வழியில வெளிய வர முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஒங்களுக்கு இது போதும். அடிச்சதப் பத்திரமா வச்சிட்டு வெளிய வந்துரும். வேற எதையாவது அமுக்கி, எழுதுனதெல்லாம் போச்சேன்னு நீங்க எங்கிட்ட வந்து நிப்பீங்க."

அவள் சொன்னது சரி. எனக்குத் தெரிந்த ஒரே வாசல் அதுதான் என்றாயிற்று.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மதியம் அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாப்பி எடுத்தாள். அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தான், அவன் கொண்டுவந்தது. உள்ளே ஒரு விளையாட்டு: திரையில் ஒரு பாம்பு இரை தேடி ஓடும், தின்னத் தின்ன நீளும், சுவரில் முட்டினால் செத்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் கூடிவிட்டோம். சூப்பிரண்டு எழுந்திருக்கவே இல்லை.

"பைய, பைய! வளையுது, வளையுது... ஏ, முட்டிட்டுவே! எம்மா, இன்னொரு தடவ போடு. எனக்கு ஓட்டத் தெரியலன்னு இந்தப் பாம்பு நெனச்சிரக்கூடாது."

அன்று சாயங்காலமே அலுவலகப் பூஜையையும் அவர் முடித்தார். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். பெட்டியின் மேல் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம். பச்சை உறையை மூடிவிட்டுச் சொன்னார்: "இனி விஜயதசமி காலம்பறதான். நடுவுல யாரும் கைய வைக்கக் கூடாது. மிஷினும் ஒரு நாள் சும்மா கெடக்கட்டும்." பூஜையில் வைத்த பொருளை மறுநாள் தொடுவதில்லை என்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத விஷயம். அரிவாளானாலும் சரி, அகராதியானாலும் சரி.

என் கதை கெட்டது இந்த வழக்கத்தால்தான். சரஸ்வதி பூஜையன்று என் வீட்டில் அச்செழுத்து என்று கண்ணில் பட்டதெல்லாம் பூஜையறையில் அடுக்கிவிடுவார்கள். பாடப் புத்தகம், வார இதழ், பழைய பஞ்சாங்கம், எல்லாம் பட்டுத் துணிக்கு அடியில். காலையில் நாலு இட்லி தின்றுவிட்டுக் கூடத்தில் நடந்தேன். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். "ஒரு நாளாவது அந்தக் கண்ணுக்கு ஓய்வு குடுங்களேன்" என்றாள். நான் கல்லூரியைப் பார்க்க நடந்துவிட்டேன். வீடு பக்கம்தான். அறைச் சாவி என்னிடம் இருந்தது.

நான் தாவரங்களை வெட்டிப் பார்த்தே பிழைத்தவன். தண்டைப் புது பிளேடால் காகிதம்போல் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் அது என்ன செடி என்று நம்பிப் பேசுவேன். அந்த மதிப்பெண் புரோகிராமைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குடைச்சல் இருந்தது. பெயரின் வாலில் ஈ.எக்ஸ்.ஈ. என்று மூன்றெழுத்து வைத்த கோப்பு அது. அந்த வால் இருந்தால் இயந்திரம் அதைப் படிக்காது, செய்யும் என்று அவள் சொல்லியிருந்தாள். படிக்காமல் செய்வது என்றால்? ஒரு விதைக்குள் மரம் இருப்பதுபோல அதற்குள் என்ன இருக்கும்?

உறையை எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை ஒரு காகிதத்தின் மேல் மரியாதையாக வைத்தேன். விசையைப் போட்டதும் இயந்திரம் வழக்கம்போல் தேதி கேட்டது. பழைய மாதிரி இயந்திரம். உள்ளே கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும், இன்று என்ன தேதி என்று தூங்கி விழித்தவன்போல் கேட்கும். மற்றவர்கள் பதில் சொல்லாமல் எண்டர் விசையைத் தட்டிவிடுவார்கள். அது தானாக எண்பதாம் வருடம் ஜனவரி முதல் தேதி என்று எடுத்துக்கொள்ளும். என்னால் அப்படி முடியாது. செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும்போது தேதி எழுதாவிட்டால் அது ஆய்வு மாதிரி ஆகாது, வெறும் சருகு. அந்தப் பழக்கத்தில் அன்றைய தேதியைச் சரியாக அடித்தேன்.

பிறகு கடிதம் அடிக்கும் புரோகிராமை எழுப்பி, மதிப்பெண் கோப்பின் பெயரை வாலோடு கொடுத்தேன். அது ஒன்றும் சொல்லாமல் திறந்துவிட்டது.

அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. தொடக்கத்தில் எம், இசட் என்று இரண்டே எழுத்து. அதன் பின் ஒரு காடு. சிரிக்கிற முகங்கள், சீட்டுக்கட்டு இதயங்கள், பாதிக் கட்டங்கள், தலைகீழ்க் கேள்விக்குறிகள். பச்சை வெளிச்சத்தில் வரி வரியாக, எந்த மொழியும் இல்லாமல். விசையைத் தட்டித் தட்டிக் கீழே போனேன். நெடுந்தூரம் போன பிறகு அந்தக் காட்டுக்குள் திடீரென்று மனிதப் பேச்சு. அச்சுப்பொறி தயாராக இல்லை என்று ஆங்கிலத்தில். சற்றுத் தள்ளி, பதிவெண் தவறு. வேலை நேரத்தில் அந்த இயந்திரம் எங்களைப் பார்த்துச் சொல்லும் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் அங்கே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் என்னென்ன தப்புச் செய்வோம் என்று அது அறிந்து வைத்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இடையிடையே அம்பு விசைக்குப் பதில் வேறு விசைகளையும் தட்டியிருப்பேன். அதை நான் பொருட்படுத்தவில்லை.

பார்த்து முடித்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வாசலால் வெளியே வந்தேன். கண்ட்ரோல், கே, டி. இயந்திரம் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கரகரத்தது. விசையை அணைத்தேன், பழத்தை இருந்த இடத்தில் வைத்தேன், உறையைப் போர்த்தினேன். வீட்டுக்குத் திரும்பிச் சுண்டல் தின்றேன்.

விஜயதசமி காலையில் அறை நிறைய ஆட்கள். சூப்பிரண்டு கற்பூரம் காட்டினார். "எம்மா, நல்ல நேரத்துலயே ஆரம்பிச்சிரு" என்றார். அவள் பிஸ்மி சொல்லிவிட்டு அமர்ந்து மதிப்பெண் புரோகிராமின் பெயரை அடித்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. நினைவகத்தில் அடங்காத அளவுக்குப் பெரிய புரோகிராம் என்று அதற்குப் பொருள். மறுபடி அடித்தாள். அதே வரி.

"முந்தாநாள் வரைக்கும் அடங்குனது இன்னைக்கு எப்படி அடங்காமப் போவும்?" என்றார் சூப்பிரண்டு. "சுண்டல் கிண்டல் தின்னுட்டுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வேலைதான் இது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. பார்ப்பதால் ஒரு பொருள் கெடும் என்று தோன்றவில்லை. சீவிய தண்டு மறுபடி முளைக்காது என்பதை இருபது வருடமாகப் பாடம் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து ஓர் இளம் எஞ்சினீயர் வந்தார். அவர் வேலை செய்த விதத்தை நான் ஆசையோடு பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். செடி வாடினால் நாங்கள் எப்படிப் படிப்படியாக விலக்கிப் பார்ப்போமோ அப்படி. கோப்பு இருக்கிறதா, இல்லவே இல்லையா? இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் ஆள் இருக்கிறார், உடம்புக்குத்தான் ஏதோ. அளவைப் பார்த்தார்; கோப்பு பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது.

"சுருங்கிப் போனத எப்படிங்க பெருசுன்னு சொல்லுது?" என்று கேட்டேன்.

"கோப்போட தலைப்புல, அதாவது ஆரம்பத்துல, அதோட அளவ எழுதி வச்சிருக்கும் சார். அந்தத் தலைப்பு கொழம்பிப் போச்சுன்னா, வாய்க்கு வந்ததச் சொல்லும்."

புரோகிராம் முதலில் வந்த மூலப் பிளாப்பிகளைக் கேட்டார். இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அந்த வருட மழைக்கு அதில் ஒன்று பூசணம் பிடித்திருந்தது. இயந்திரம் அதைக் கடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. தன் பையிலிருந்து வைரஸ் பிடிக்கும் பிளாப்பியைப் போட்டார். ஒன்றும் இல்லை என்றது. மறுபடி கோப்புகளின் பட்டியலை ஓடவிட்டவர், திரையில் விரலை வைத்தார்.

"இங்க எல்லாமே எண்பதாம் வருசம்னு நிக்குது. இது ஒண்ணு மட்டும் முந்தாநாள் தேதி. முந்தாநாள் யாரு வேலை பார்த்தது?"

"முந்தாநாளா?" சூப்பிரண்டு பதறிவிட்டார். "அன்னைக்கு சரஸ்வதி பூஜைல்லா! பூஜையில இருந்த மிஷின எவன் தொடுவான்? வச்ச எலுமிச்சம்பழம் வச்ச எடத்துல இருந்துச்சுய்யா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தேதியை அடித்த விரல் என்னுடையது.

எஞ்சினீயர் எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். "யாராச்சும் இந்தக் கோப்ப வேற எதுலயாவது திறந்து பார்த்தீங்களா? சும்மா பார்த்திருந்தாக்கூடச் சொல்லுங்க. திட்ட மாட்டேன். எதுல திறந்ததுன்னு தெரிஞ்சா எனக்கு வழி தெரியும்."

இதற்கு மேல் ஒருவன் எனக்கு வாசலைத் திறந்து வைக்க முடியாது. நான் சூப்பிரண்டின் முகத்தைப் பார்த்தேன். பூஜை நாளில் இயந்திரத்தை எழுப்பியவன், படித்தவன், பொறுப்பில் இருப்பவன். முடிவுகளுக்காகக் கல்லூரியே காத்திருக்கிறது. நாக்கு எழவில்லை.

அப்போது அவள் சொன்னாள்: "சார், நான் ஒரு பிளாப்பி போட்டேன். காக்கா கொண்டாந்தது. அதுலேர்ந்து வந்திருக்குமோ?"

யாரும் கேட்காமல் அவளாகச் சொன்னாள். சூப்பிரண்டு தலையில் கை வைத்தார். "அந்தப் பாம்பா? நான்லா ரொம்ப நேரம் ஓட்டுனேன்!" எஞ்சினீயர் பிளாப்பியை வாங்கிச் சோதித்தார். அதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் தொடாத நாளில் கோப்பு தானாக மாறியிருந்தால் அது வைரஸாகத்தான் இருக்க வேண்டும், எஞ்சினீயரின் வைரஸ் பிளாப்பிக்குத் தெரியாத புது வைரஸாக இருக்கும் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் வழக்கத்தின் மேல் இருந்த நம்பிக்கையே சாட்சி. மனிதர் தொடவில்லை, ஆகவே மனிதர் அல்லாத ஒன்று தொட்டது.

அந்தப் பருவத்து மதிப்பெண்களை ஆசிரியர்கள் எல்லாரும் நூலகக் கூடத்தில் உட்கார்ந்து கையால் கூட்டினோம். அவளும் ஒரு மூலையில் கூட்டினாள். யாரும் அவளை வைததில்லை. யாரும் அவளோடு பேசவும் இல்லை. முடிவுகள் காலம் கடந்து வந்தன. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் போன மாணவர்களின் பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். முதல்வர் அவளுடைய நிரந்தர உத்தரவைக் கிழித்தார். மாத முடிவோடு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சூப்பிரண்டு மட்டும் அவரிடம் போய்ப் பேசிப் பார்த்தார். "பிள்ள வேணும்னா செஞ்சா? வெளையாட்டுக் காட்டுனா. வெளையாடுனது நாங்க" என்றாராம். நான் அந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை. கடைசி நாளில் அவள் என் மேசைக்கு வந்து, "வாரேன் சார்" என்றாள். நான், "நல்லா இரும்மா" என்றேன்.

பிறகு புது இயந்திரம் வந்தது, புது ஆளும் வந்தார். பழையது என் தாவரவியல் ஆய்வகத்து மூலைக்கு வந்து சேர்ந்தது. எதிரும் புதிருமாக நானும் அதுவும். அடுத்த வருடம் ஆனி மாதம் என்று நினைக்கிறேன், ஆற்றங்கரைச் செடிகளின் பெயர்களை அதே கடிதப் புரோகிராமில் அடித்துக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கம் சேகரித்ததெல்லாம் ஒரு பக்கம் நிறைய இருந்தது. கை தவறி அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, அப்படியே கே, டி அடித்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் போன கணிதத் துறைக்காரரிடம் புலம்பினேன்.

"இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீராக்கும்!" என்றார். "நீரு சேவ் பண்ணும்போதெல்லாம் பழச அது தூக்கிப் போடாதுவே. வால மட்டும் பி.ஏ.கே.ன்னு மாத்திப் பக்கத்துலயே வச்சிருக்கும். அங்கன பாரும்."

பார்த்தேன். செடிகளின் பெயர்கள் அனைத்தும் அங்கே இருந்தன. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தவன் சாய்ந்தபடியே இருந்தேன். அப்படியானால் அன்றைக்கு?

பட்டியலை ஓடவிட்டேன். அவள் அடித்த கடிதங்களின் பழைய பிரதிகள் அந்த வாலோடு நிறையக் கிடந்தன. அந்தக் கூட்டத்துக்குள் எஞ்சினீயரின் கண்ணுக்குத் தப்பியது வியப்பில்லை. நடுவில் அது இருந்தது. மதிப்பெண் புரோகிராமின் பெயர், பி.ஏ.கே. வால். சுருங்காத முழு அளவு. ஒரு பிரதி எடுத்து, வாலை ஈ.எக்ஸ்.ஈ. என்று மாற்றி, பெயரை அடித்தேன். கல்லூரியின் பெயர் திரையில் எழுந்தது. எந்தப் பருவத்துக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று கேட்டது, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

மருந்து நோயின் பக்கத்திலேயே அந்த நாள் முழுக்கக் கிடந்திருக்கிறது. கடிதப் புரோகிராமில் திறந்தேன் என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எஞ்சினீயர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சரிசெய்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பார். நான் கெடுத்தது தெரியாமல் செய்த தவறு. சொல்லாமல் விட்டது அப்படி இல்லை.

முதலில் முதல்வரிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "முடிஞ்ச கதைய எதுக்கு இப்ப கிளறுதீங்க? அந்த எடத்துல ஆள் வந்தாச்சு. ஒங்க பேரும் கெட்டு, காலேஜ் பேரும் கெடணுமா?" என்றார். சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் அதிர்ந்தது வேறு விஷயத்துக்கு.

"பூஜையில இருந்த மிஷினையா தொட்டீரு? எலுமிச்சம்பழத்தையுமா எடுத்தீரு?"

"எடுத்தேன். திருப்பி வச்சிட்டேன்."

"வச்சீரு, வச்சீரு." பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ள மேல பழி விழுந்ததுக்கு நாந்தானவே சாட்சி சொன்னேன். எவனும் தொட மாட்டான்னு சத்தம் போட்டது நாம்லா. என்னையும் சேத்துப் பாவத்துல தள்ளிட்டீரு."

மேலப்பாளையத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தறிச் சத்தம் கேட்கிற தெருவில் அவள் வீடு. உம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு முறம்; அது அவளுடையது. என்னைக் கண்டதும் அதை நகர்த்திவிட்டு எழுந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். ஒன்றையும் விடவில்லை, பழத்தைக் காகிதத்தின் மேல் வைத்ததைக்கூட.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெளிய எப்படி சார் வந்தீங்க?"

"நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான். கே, டி."

கண்ணை மூடித் திறந்தாள். "திறந்தேன்னு ஒரு வார்த்தை எங்காதுல போட்டிருந்தா போதும் சார். பி.ஏ.கே. எனக்கே தெரியும். நானே எடுத்திருப்பேன். யாருக்கும் சொல்லியிருக்கவும் மாட்டேன்."

அதுதான் அன்று எனக்குக் கிடைத்த அடி. பிறகு உம்மா பேசினார். பீடி சுற்றும் கை நிற்கவில்லை. "இனி ஊருக்கு வந்தா ஒரு பொருளு கையில கொண்டார மாட்டேன்னுட்டான் எம் மவன், சார். தங்கச்சி வேலைய நாந்தான் தொலைச்சேன்னு கடுதாசிக்குக் கடுதாசி எழுதுதான். ரெண்டு பேரும் சேந்து கம்ப்யூட்டர் கடை போடணும்னு இருந்தாவ. அந்தப் பேச்சே விட்டுட்டான்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னது பத்தாது சார். எல்லாரும் நின்ன அந்த ரூம்புல சொல்லுங்க. காக்கா இந்த வருசமும் அந்தப் பூஜை மாசம்தான் வாரான். அவன் காதுல கேக்கணும்."

அந்த வருட விஜயதசமியன்று பழைய இயந்திரத்தை மறுபடி தேர்வு அலுவலகத்துக்குத் தூக்கி வந்தோம். முதல்வர் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், நடக்கப்போவது சூப்பிரண்டின் வாயால் கல்லூரி முழுக்கத் தெரிந்திருந்தது. அவளும் அவள் அண்ணனும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கற்பூரம் அணைந்த பிறகு நான் சொன்னேன். நீளமாக இல்லை. இந்தக் கோப்பைப் பூஜையன்று திறந்தவன் நான், கெடுத்தவன் நான், கேட்டபோது சொல்லாதவனும் நான், அந்தப் பிளாப்பியில் எதுவும் இல்லை. இவ்வளவுதான். அண்ணன்காரன் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

அவள் போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மதிப்பெண் புரோகிராமை ஓட்டினாள், அது ஓடியது. அதை மூடிவிட்டு, அதன் பிரதி ஒன்றை எடுத்துக் கடிதப் புரோகிராமில் திறந்தாள். சிரிக்கும் முகங்களும் இதயங்களும் வந்தன. எல்லாரும் முன்னால் குனிந்தோம். ஒவ்வொரு பக்கமாகக் கீழே போய், அச்சுப்பொறி தயாராக இல்லை என்ற வரியைக் கண்டதும் நிறுத்தினாள்.

"ஏ, மிஷினுக்குள்ள மிஷின் பேசுதுவே!" என்றார் சூப்பிரண்டு.

"இதப் பாக்கத்தான சார் திறந்தீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"இதத்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கண்ட்ரோல், கே, கியூ அடித்தாள். எதையும் மாற்றாமல் வெளியே வரும் வழி அது. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல்வர் பிறகு ஆள் விட்டு, தற்காலிகமாக வரச் சொன்னார். "மறுபடியும் டெம்பரவரியா?" என்று அவள் சிரித்துவிட்டு மறுத்தாள். நிரந்தர இடம் போனது போனதுதான். தேர்வுப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். அது எனக்குத் தண்டனையும் இல்லை. அண்ணன் அந்த விடுமுறை முடிவதற்குள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். பஜாருக்குப் பக்கம் இருவரும் கடை போட்டார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்கள், கல்யாண அழைப்புகள், பிறகு பிள்ளைகளுக்கு வகுப்பு. நான் என் ஆற்றங்கரைச் செடிகளின் தொகுப்பை அங்கேதான் அடிக்கக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் போவேன். எல்லாரிடமும் வாங்குவதைத்தான் என்னிடமும் வாங்குவாள். தேநீர் வரவழைப்பாள். மன்னித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் செடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் அடிப்பாள். எழுத்து மாறிவிட்டால் நான் பழக்கத்தில் கையை நீட்டுவேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். "வாயால சொல்லுங்க சார், போதும்" என்பாள்.